அஞ்சு பாயிண்ட்

மூன்றாவது டப்பா ஆயிலை என்ஜினுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தபோது நிலவன் ஸ்கூட்டரைச் சுவரில் சாய்த்துப் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் வந்தான். காலில் செருப்பு இல்லை. அதைப் பார்த்ததுமே அய்யனாருக்குப் பாதி புரிந்துவிட்டது.

“சித்தப்பா, அப்பா போயிட்டாரு.”

அய்யனார் டப்பாவை நிமிர்த்தவில்லை. ஆயில் நூலாக மெலிந்து, சொட்டாகி, சொட்டும் நின்ற பிறகுதான் மூடியைத் திருகினார். கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்தார்.

“எப்ப?”

“ஆறரைக்கு. பல்லு வெளக்கப் போனவரு கொழாயடியிலயே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடனோம். வழியிலயே முடிஞ்சிடுச்சின்னுட்டாங்க.”

செத்தது அய்யனாரின் கூடப் பிறந்த அண்ணன் ராஜேந்திரன். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் என்ன வருமோ, அய்யனாருக்கு வந்தது ஆத்திரம். தப்பிச்சிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் நாலே நாள். வெள்ளிக்கிழமை காலையில் ராஜேந்திரன் இந்தப் பழைய ஃபியட்டில் ஏறிக் குறிஞ்சிப்பாடி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தது. பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டார். என்ஜின் சூடேறியதும் நாலு பிஸ்டனும் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பஸ் போகிற ரோட்டில் நட்டநடுவில் வண்டி நின்றிருக்கும். அப்படி நிற்கிற மாதிரிதான் அய்யனார் அதைக் கட்டியிருந்தார். தெரிந்தே கட்டியிருந்தார்.

நிலவன் கீழே குந்தி உட்கார்ந்தான். சென்னையில் வேலை பார்ப்பவன், லீவுக்கு வந்த இடத்தில் இப்படி.

“ஒண்ணு கேக்கணும் சித்தப்பா. அப்பா சொல்லிக்கினே இருப்பாரு. ‘நான் போற அன்னிக்கி நம்ம ஃபியட்டு முன்னால போவணும், தம்பிதான் ஓட்டணும்’னு. நாங்க வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு இருந்தோம். வண்டி இன்னிக்கி ஸ்டார்ட் ஆவுமா?”

அய்யனார் வண்டியைப் பார்த்தார். வீட்டிலிருந்து ஏரிக்கரைச் சுடுகாட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். பாடைக்கு முன்னால் நடை வேகத்தில், முதல் கியரிலேயே போகவேண்டும். சித்திரை வெயில். ரேடியேட்டருக்குக் காற்றே படாது. குறிஞ்சிப்பாடி ரோட்டைவிட இது சீக்கிரம் பிடிக்கும். அங்கே யார் பார்த்திருப்பார்கள்? நாலு பஸ்காரன். இங்கே உறவுக்காரன், தெருக்காரன், மைன்ஸில் கூட வேலை பார்த்தவன் அத்தனை பேரும் நிற்பார்கள்.

“ஆவும்,” என்றார். “பன்னெண்டு மணிக்கு நானே கொண்டாறன். நீ போ.”

நிலவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். அய்யனார் ஸ்பேனரை எடுத்து ஃபேன் பெல்ட்டை இன்னொரு தடவை முறுக்கினார். மற்றதெல்லாம் சரியாக இருக்கவேண்டும். நிற்கும்போது பிஸ்டனால்தான் நிற்கவேண்டும்.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின கதை. நிலக்கரி எடுக்க ஊரைக் காலி செய்தபோது அவர்கள் குடிசையும் போயிற்று. ஒரு குழி நிலம் கிடையாது, குடிசை நின்ற மனை மட்டும்தான். ராஜேந்திரன் கல்யாணமாகித் தனியாகப் போயிருந்ததால் மனை அய்யனார் பேரில் இருந்தது. மனை போனவன் வேலைக்கு வரலாம் என்று ஒரு காகிதம் வந்தது. அய்யனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. கடலூரில் ஒரு லாரி ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எண் தெரியும், எழுத்து தெரியாது. காகிதத்தை அண்ணனிடம் நீட்டினார். எட்டாவது படித்த அண்ணன் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“குடிசைக்கு ஈடு தருவானாம், அதுக்குத்தான் போட்டிருக்கான். கீழ கைநாட்டு வெச்சிக் குடு.”

அய்யனார் வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கைநாட்டுக்கு மேலே, வேலையை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்த சங்கதி பதினோரு வருஷம் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. ஆபீசில் பியூனாக இருந்த ஒருத்தன் இலையைப் பார்த்துக்கொண்டே, “அண்ணனுக்கு வேலைய வுட்டுக்குடுத்த தம்பி நீதான? இந்தக் காலத்துல யாரு செய்வா?” என்றான். அய்யனார் சாம்பார் ஊற்றின சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அப்புறம் இருபத்தெட்டு வருஷம் அண்ணனோடு பேசவில்லை.

அண்ணன் பர்மனென்ட். பெரிய மிஷின்களுக்கு ஃபிட்டர். குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். தம்பிக்கு வடக்குத்து ரோட்டோரம் ஒரு தகர ஷெட்டு. தம்பி பெண்டாட்டி வீரம்மாள் கான்ட்ராக்டில் பதினாறு வருஷம் தெருக் கூட்டினாள். அவளுக்குக் கொடுத்த பிளாக், ராஜேந்திரனும் பெண்டாட்டி கமலாவும் குடியிருந்த பிளாக்.

“வெளக்குமாத்தோட நான் அந்த வாசலுக்கு வந்தா கமலாக்கா கதவ சாத்திக்கினு உள்ள பூடுது,” என்று வந்து சொல்வாள். “அது பாவம், மொகத்த எங்கதான் வெச்சிக்கும்?” என்று சமாதானமும் அவளே சொல்லிக்கொள்வாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே இருந்துவிட்டு, முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனாள். அன்றைக்கு ராஜேந்திரன் வந்தார். ரெண்டு கண்ணும் புரை விழுந்து வெளுத்துப்போய், நிலவன் கையைப் பிடித்துக்கொண்டு. அய்யனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வெளுத்த கண்ணை மட்டும் எப்படியோ பார்த்துவிட்டார்.

போன தை மாதம் ஒரு டிராக்டர் இந்த ஃபியட்டைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டு வாசலில் நிறுத்தியது. பின்னால் ராஜேந்திரன், சோடாபுட்டிக் கண்ணாடியோடு.

“ஒரு ஆபீசரு வுட்டுட்டுப் போன வண்டி. எட்டு வருசமா முந்திரித் தோப்புல கெடந்துது. நீதான் கட்டிக் குடுக்கணும்.”

“ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லியாமா?” அய்யனார் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“இருக்கான். எனக்கு நீ கட்டணும். அறுவத்திரெண்டு மாடலு. நான் வேலைக்குச் சேந்த வருசத்து வண்டி.”

“யாரு வேலைக்கு?”

ராஜேந்திரன் கவிழ்த்துப் போட்டிருந்த கிரீஸ் டின்னின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். மூன்று மாதமும் தினம் காலையில் வந்து அந்த டின்னில்தான் உட்கார்ந்திருந்தார். போடா வெளியே என்று துரத்தத்தான் வாய் வந்தது. ஆனால் அய்யனார் பானெட்டைத் திறந்து பார்த்தார். பார்த்த அந்த நிமிஷமே என்ன செய்யவேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது.

சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து அகலமாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடவேண்டும். இருபது, நாற்பது, அறுபது என்று சைஸ். இந்த என்ஜினில் யாரோ ஏற்கெனவே நாற்பது போட்டு ஓட்டித் தேய்த்திருந்தான்.

“இனிமே அறுவதுதான்,” அய்யனார் சுவரிடம் சொன்னார். “அதுக்கு மேல எடமில்ல. இதுல கெட்டா தூக்கி எடைக்குப் போடவேண்டியதுதான்.”

ராஜேந்திரன் மெட்ராசுக்கும் பாண்டிச்சேரிக்கும் அலைந்து ரெண்டு செட் கொண்டுவந்தார். ஒன்று மெழுகுக் காகிதம் சுற்றிய பழைய சரக்கு, யாரோ கடைக்காரன் பரணில் இருபது வருஷம் கிடந்தது. மற்றது புதுசு, பளபளவென்று அட்டைப் பெட்டியில். எது என்று அவர் கேட்கவில்லை. ரெண்டையும் சாக்கின்மேல் பரப்பிவிட்டு டின்னில் போய் உட்கார்ந்தார்.

அய்யனார் பக்கத்து மளிகைக் கடைத் தராசை வாங்கிவந்தார். படிக்கல்லே வைக்கவில்லை. இந்தத் தட்டில் ஒரு பிஸ்டன், அந்தத் தட்டில் ஒரு பிஸ்டன். நாலும் ஒரே எடை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் உதறும். புது செட்டில் ஒன்று கீழே இறங்கியது. மேலே போன தட்டில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஏழு போட்ட பிறகுதான் முள் நேராக நின்றது. பழைய செட்டில் ஒரு கொட்டைகூட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றையும் விரலில் மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். பழைய சரக்கு மணி மாதிரி இழுத்துச் சத்தம் போட்டது. புதுசு மண்சட்டி.

பழைய செட்டை எடுத்துக்கொண்டார். பழிவாங்குவது என்று முடிவெடுத்த பிறகு எந்தப் பிஸ்டனாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். கெட்ட பிஸ்டன் போட்டு என்ஜின் நின்றால் பழி பிஸ்டனுக்குப் போய்விடும். நல்லதைப் போட்டு நின்றால்தான் நிறுத்தியது அய்யனார் என்று ஆகும்.

சிலிண்டர் கடையக் கொடுத்த இடம் மந்தாரக்குப்பத்தில் ஃபெலிக்ஸ் லேத்து. ஃபெலிக்ஸ் சைஸைக் கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தினான்.

“மேஸ்திரி, சூடானா பிஸ்டன் ஊதும். சுத்தி அஞ்சு பாயிண்ட்டாவது எடம் வுடணும். நீங்க ரெண்டுங்கறீங்க.” ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பாயிண்ட். கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம் இல்லை.

“ரெண்டுதான்.”

“பிடிச்சிக்கும் மேஸ்திரி.”

“ஒங்கிட்ட சிலிண்டர் கடையக் குடுத்தனா, பாவமன்னிப்பு கேக்க வந்தனா? சொன்ன சைசுக்குக் கடைடா.”

ஃபெலிக்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மிஷினை ஓட்டினான்.

மாசி மாதம் பிஸ்டன் ஏற்றுகிற அன்றைக்குத்தான் முக்கியமான காரியம். வளையம் மாட்டாத பிஸ்டனைத் தலைகீழாகச் சிலிண்டருக்குள் விட்டு, பக்கத்தில் ஃபீலர் கேஜ் பிளேடைச் செருகி இழுத்துப் பார்க்கவேண்டும். விசிறி மாதிரி விரிகிற பத்துப் பதினைந்து பிளேடு, ஒவ்வொன்றிலும் தடிமனுக்கு எண் வெட்டியிருக்கும். அய்யனாருக்கு எண் பார்க்கவே வேண்டாம், விரலுக்கே தெரியும். ரெண்டு பாயிண்ட் பிளேடைச் செருகினார். ஈரத் தலையில் சீப்பு வருவதுபோல் மெல்ல இழுபட்டு வந்தது. ரெண்டு. சந்தேகமே இல்லை. அதை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே, டின் பக்கம் நீட்டிக்கொண்டு சுவரிடம் சொன்னார்.

“எனக்குக் கண்ணு மங்கிப்போச்சி. இதுல அஞ்சான்னு படிச்சிச் சொல்லச் சொல்லு.”

அந்த வாயே படிக்கவேண்டும். அவன் படிச்சான், நான் நம்பினேன் என்று நாளைக்குச் சொல்லவேண்டும். நடுரோட்டில் வண்டி நிற்கும்போது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அண்ணன் முகத்துக்கு நேராக: நீ படிச்ச, நான் நம்பனன். இருபத்தெட்டு வருஷமாக அய்யனார் பல்லுக்குள் வைத்திருந்த வாக்கியம் அது.

ராஜேந்திரன் பிளேடை வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது. வேட்டி முனையால் பிளேடில் இருந்த ஆயிலைத் துடைத்தார்.

“அஞ்சுதான்,” என்றார். “ஏத்து.”

புரைக் கண்ணன், என்று அய்யனார் உள்ளுக்குள் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் நாலையும் ஏற்றினார், அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் பார்க்க, ஒன்றுக்கு ஒரு புள்ளி, ரெண்டுக்கு ரெண்டு புள்ளி என்று தன் கையால் அடையாளம் குத்தி. கழற்றிப் போட்ட பழைய பிஸ்டனில் ஒன்றை ராஜேந்திரன் டின்னுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, அதன் குழிக்குள் பீடிச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஃபியட் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. புது என்ஜின், இறுக்கம் இருந்தாலும் சத்தம் பிசிறில்லாமல் வந்தது. அய்யனாருக்கே ஒரு நொடி மார்பு நிமிர்ந்தது. ஷெட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. வாசலில் பந்தல், மேளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி அணைத்தபோது, வீட்டுக்குள்ளிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ரெண்டு பேர் ஒரு சின்ன ஐஸ் பெட்டியோடு வெளியே வந்து ஜீப்பில் ஏறினார்கள்.

“யாரு அவனுங்க?”

“கண்ணு எடுக்கறவங்க சித்தப்பா,” நிலவன் சொன்னான். “அப்பா எழுதிக் குடுத்திருந்தாரு.”

அய்யனாருக்குச் சிரிப்பு வந்தது. இழவு வீட்டு வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. “அந்தப் புரைக் கண்ணு எவனுக்கு ஆவும்?”

“புரையா? அது போன ஆடியிலயே ஆபரேசன் பண்ணி லென்ஸ் வெச்சாச்சே. வெளிய இருக்கற படலம் நல்லாருந்தா எடுத்துப்பாங்களாம். நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க மூணு மாசமா?”

அய்யனார் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், பிஸ்டனைப் பார்த்தார், நீட்டின கையைப் பார்த்தார். அண்ணன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“கண்ணாடி போட்டுக்கினு பேப்பர்ல பொடி எழுத்து மொதக்கொண்டு படிப்பாரு,” நிலவன் சொல்லிக்கொண்டே போனான். “போன மாசம் அம்மா மாத்திரை அட்டைல தேதி முடிஞ்சி போச்சின்னு அவருதான் கண்டுபுடிச்சாரு. மெடிக்கல்காரனுக்கே தெரியில. அதுல எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்.”

அய்யனார் வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை விடு. முப்பத்துமூணு வருஷம் ஃபிட்டர். பிளேடைக் கையில் வாங்கின உடனே விரல் சொல்லியிருக்குமே ரெண்டா அஞ்சா என்று. இது எனக்கு ஏன் அன்றைக்கே தோன்றவில்லை? ஆயிலைத் துடைத்துவிட்டுப் படித்தானே. துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பி, நேரம் எடுத்துக்கொண்டு படித்தானே.

உள்ளே கமலா மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அய்யனாரைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. “வந்துட்டீங்களா கொழுந்தனாரே! மூணு மாசமா ஒரு நாளு தவறாம ஒங்க ஷெட்டுக்கு ஓடனாரே! ‘திட்டனானா’ன்னு கேப்பேன், ‘இல்ல, செவுத்தத்தான் திட்டறான்’னு சிரிச்சிக்கினே சோறு துன்னுவாரே!”

அய்யனார் பிணத்தைப் பார்த்தார். மூடின இமை ரெண்டின் மேலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்காத கண்ணை இப்போது பார்க்க முடியாது. திருட்டுப் பய, என்று அவர் வாய்க்குள் வந்தது. வேலைய எடுத்துக்கினான். குவார்ட்டர்ஸ எடுத்துக்கினான். கடேசீல நான் வெச்சிருந்த ஒண்ணே ஒண்ணு, இதயும் தெரிஞ்சே வாங்கி மடியில வெச்சிக்கினானே. ஏமாத்தப்பட்டால்தான் அது பழி. தெரிஞ்சு தலையக் குடுத்தவன எப்படி வெட்டறது?

மூணரை மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். காரின் பானெட்டில் மாலை போட்ட படத்தைக் கட்டியிருந்தார்கள். மேளம், பின்னால் கார், அதற்குப் பின்னால் கொள்ளிச் சட்டியோடு நிலவன், பாடை, கூட்டம். காரில் அய்யனார் மட்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள்.

முதல் கியர். நடை வேகம். மேளக்காரர்கள் பத்தடிக்கு ஒருதரம் நின்று ஆடினார்கள், காரும் நின்று உறுமியது. தார் இளகி டயரில் ஒட்டியது. கால் மணி நேரத்தில் சூட்டு முள் பாதியைத் தாண்டியது. பானெட்டுக்கு மேல் காற்று நெளிந்து, ராஜேந்திரன் படத்தின் முதுகுப் பலகையே அசைவதுபோல் இருந்தது.

அய்யனார் காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரி மதகு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அது வந்தது. சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என்ஜின் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்ட மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்ட மாதிரி. இன்னும் ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் காலை அப்படியே ஆக்ஸிலேட்டரில் வைத்திருந்தால் போதும். ரெண்டாவது சிலிண்டர்தான் முதலில் பிடிக்கும், அப்புறம் நாலும். கிரீச் என்று ஒரு இழுப்பு, வண்டி குதித்து நிற்கும், படம் கயிறு அறுந்து விழும். இதற்காகத்தானே.

இதுக்காகத்தான அவனும் மூணு மாசம் டின்னு மேல உக்காந்திருந்தான்.

“நீ கேட்டத நான் ஏன்டா குடுக்கணும்?” என்றார் அய்யனார், படத்தின் முதுகைப் பார்த்து.

கிளச்சை மிதித்து, சாவியைத் திருப்பி எடுத்தார்.

மேளம் நாலடி போய் நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். “என்னாச்சி? என்னாச்சி?” மைன்ஸில் ராஜேந்திரனோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் ஜன்னலில் குனிந்தார். “என்னா அய்யனாரு, நீ கட்டன என்ஜினு அண்ணன ஏரி வரைக்கும்கூட கொண்டாந்து வுடலியே! எத்தன வருச சர்வீசு ஒனக்கு?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருத்தன், “பேசாம எங்க ஒர்க்‌ஷாப்ல குடுத்திருக்கலாம்பா,” என்றான்.

நாப்பது வருஷத்தில் அய்யனார் கட்டின எந்த என்ஜினும் ரோட்டில் நின்றதில்லை. ஊருக்கே தெரியும். இப்போது இதுவும் ஊருக்கே தெரியும். அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கதவுத் தூணில் கொடுத்தார்.

“தள்ளுங்க,” என்றார்.

மதகு மேட்டில் ஏற்றும்போது மூச்சு வாங்கியது. யாரோ, “நீ வுடு பெருசு, நாங்க பாத்துக்கறம்,” என்றார்கள். விடவில்லை. சுடுகாட்டு வேம்பு வரைக்கும் தள்ளினார்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். போட்டார். சொல்ல வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தத் தடவை ஏமாற்றப் பார்த்தவர் இவர், இப்போது அதைச் சொல்லவேண்டியவன் படுத்திருந்தவன்தான். அவன் சொல்லவில்லை. அய்யனார் கையில் ஒட்டியிருந்த அரிசியை வேட்டியில் தட்டிக்கொண்டு நகர்ந்தார்.

எல்லோரும் ஏரியில் முழுகிவிட்டு விளக்குப் பார்க்க வீட்டுக்குப் போனார்கள். அய்யனார் முழுகின ஈரத்தோடு, காரை ஒரு டிராக்டரில் கட்டி ஷெட்டுக்குக் கொண்டுபோனார். சூடு தணிகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. ஆயிலை இறக்கினார், ஹெட்டைக் கழற்றினார், அடியில் புகுந்து ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றினார். கை ரெண்டு இடத்தில் சுட்டது. ரெண்டு புள்ளி குத்தின பிஸ்டனை மேலே தள்ளி எடுத்து விளக்கில் பிடித்தார். பக்கவாட்டில் நகம் கீறின மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும்.

“வண்டி பிடிச்சி நின்னா நேருக்கு நேராயிடும்னு கணக்குப் போட்டியா?” கீழே குனிந்தபடியே பேசினார். “கண்ண மூடிக்கினு குத்து வாங்கிக்கினா எல்லாம் சரியாப் பூடுமா? வீரம்மா கூட்டன தெருவு நேராயிடுமா? வுட மாட்டன். வண்டி ஓடும். ஒன் வண்டி ஓடும், நான் செய்ய வந்தது செய்யாமயே ஓடும். நீ பாத்துக்கினு கெட.”

கிரீஸ் டின்னுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய பிஸ்டன் கவிழ்ந்து கிடந்தது. குழிக்குள் பீடித் துண்டுகள், சாம்பல். நேற்று வரைக்கும் தட்டினது. அய்யனார் அதை எடுத்து வாசலில் கொட்டப் போனார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ஒரு பழைய தகர டப்பாவில் கொட்டி, டின்னின்மேல் வைத்தார். ஹேக்ஸா பிளேடால் பிஸ்டனின் கீழ்ச் சுவரான பாவாடையில் நெடுக ஒரு பிளவு அறுத்தார். அப்போதுதான் எமரி உப்புத்தாளைச் சுற்றினால் சிலிண்டருக்குள் அமுங்கிப் போகும். எமரித் தாளைச் சுற்றி, ஆயிலைத் தடவி, சிலிண்டருக்குள் விட்டு, திருப்பித் திருப்பி இழுக்க ஆரம்பித்தார். மூன்று பாயிண்ட் கையால் தேய்க்கவேண்டும். நாலு சிலிண்டர்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நிலவன் வந்தான். மொட்டைத் தலையோடு.

“சித்தப்பா, அம்மா ஒங்களக் கேட்டுக்கினே இருக்குது. சாப்பிடாம ஒக்காந்திருக்குது.” ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். கழற்றிப் பரப்பின என்ஜினைப் பார்த்தான். “இதுக்கு இப்ப என்னா அவசரம்? இனிமே யாரு ஓட்டப்போறாங்க இத?”

அய்யனார் சிலிண்டரைத் துணியால் துடைத்தார். நல்ல பிஸ்டனைத் தலைகீழாக விட்டார். ஃபீலர் கேஜை விரித்து ஒரு பிளேடை மட்டும் தனியாகப் பிடித்து நிலவனிடம் நீட்டினார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டு நீட்டினார்.

“இது என்னான்னு படி.”

நிலவன் பல்புக்கு அடியில் பிடித்துப் பார்த்தான். “பூஜ்யம் பாயிண்ட் பூஜ்யம் அஞ்சு.”

“அஞ்சா?”

“அஞ்சுதான் சித்தப்பா.”

அய்யனார் பிளேடை வாங்கி, வேட்டி முனையால் அதில் இருந்த ஆயிலைத் துடைத்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிப் பார்த்தார். நுனி மட்டும் நுழைந்து நின்றது.

பிளேடை எடுத்து மடித்து வைத்துவிட்டு, எமரித் தாளைப் பிரித்து மறுபக்கமாகச் சுற்றினார்.